பழைய தோழனின் உரிமை

பள்ளியில் நம்மோடு ஒரே பலகையில் அமர்ந்து படித்த ஒருவன், பல ஆண்டுகள் கழித்துப் புகைவண்டி நிலையத்தில் எதிர்ப்படுகிறான். நம்மைப் பெயர் சொல்லி அழைக்கிறான். தோளில் கை போடுகிறான். மாமரத்தில் ஏறியது, ஆசிரியரிடம் அடிபட்டது, பங்கு போட்டுத் தின்ற தின்பண்டம் என ஒன்றுவிடாமல் அடுக்குகிறான். நமக்கோ அவன் முகம் மங்கலாகத்தான் நினைவுக்கு வருகிறது. சிரித்துச் சமாளிக்கிறோம், 'ஒருநாள் வீட்டுக்கு வாருங்கள்' என்று ஒப்புக்குச் சொல்லிவிட்டு வண்டி ஏறிவிடுகிறோம். இது எல்லார்க்கும் நேர்வது. இதில் பெரிய குற்றம் ஏதும் இல்லை.

ஆனால் அவன் அந்த ஒப்புக்குச் சொன்ன சொல்லை மெய்யென்று நம்பி, பெட்டி படுக்கையோடு நம் ஊருக்கே வந்து சேர்ந்துவிட்டால்? அதுவே இன்று நான் எடுத்துக்கொண்ட படத்தின் கதை. 'சக் அண்டு பக்' என்பது அதன் பெயர். 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்தது. கதையை எழுதியவரும் பக் என்னும் முதன்மைப் பாத்திரத்தில் நடித்தவரும் மைக் ஒயிட். இயக்கியவர் மிகேல் ஆர்ட்டெட்டா. புவெர்ட்டோ ரிக்கோத் தீவில் பிறந்தவர். இது அவருடைய இரண்டாவது படம்.

கதை எளியது. பக் இருபத்தேழு வயது இளைஞன், தாயோடு வாழ்பவன். வயதுதான் இருபத்தேழே தவிர, அவன் அறை பதினொரு வயதுச் சிறுவனின் அறை. விளையாட்டுப் பொருள்கள் சுற்றிலும் கிடக்கின்றன. வாயில் குச்சிமிட்டாய் இருக்கிறது. தாய் இறந்துபோகிறாள். இறுதிச் சடங்குக்கு வருமாறு, பதினொரு வயதில் பிரிந்துபோன தன் ஆருயிர்த் தோழன் சக்குக்கு அழைப்பு விடுக்கிறான் பக். சக்கும் வருகிறான். ஆனால் அவன் இப்போது 'சக்' அல்லன், 'சார்லி'. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் இசைத்தட்டுத் தொழிலில் உயர்ந்த பதவி வகிப்பவன். அவனை மணக்கவிருக்கும் கார்லின் என்னும் நங்கையும் உடன் வருகிறாள்.

சிறுவயதில் அவ்விருவரிடையே இருந்தது விளையாட்டுத் தோழமை மட்டும் அன்று. அறியாப் பருவத்தில் ஒருவர்மீது ஒருவர் காதல் போன்றதொரு நெருக்கம் கொண்டிருந்தனர் என்பதைப் படம் சிறிது சிறிதாகத் தெரிவிக்கிறது. சார்லிக்கு அது முடிந்துபோன பழங்கதை. நினைக்கவும் விரும்பாத கதை. பக்குக்கோ அது நேற்று நடந்தது. சடங்கு நடந்த அன்றே, வரம்பு மீறிய ஒரு தீண்டலால் தன் எண்ணத்தை அவன் வெளிப்படுத்திவிடுகிறான். சார்லி திகைத்து விலகுகிறான். ஏதும் அறியாத கார்லின், விடைபெறும்போது, மரியாதைக்காக, 'எங்கள் ஊருக்கு வாருங்கள்' என்கிறாள். அவ்வளவுதான். பக் வங்கியிலிருந்து பணத்தை எடுத்துக்கொண்டு காரில் லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் புறப்பட்டுவிடுகிறான்.

இஃது ஆணுக்கு ஆணிடம் தோன்றிய காதலைப் பற்றியது என்பதால் முகம் சுளிப்போர் இருக்கலாம். அவர்கள் படத்தின் பொருளையே தவறவிடுவார்கள். பக் ஓர் ஆணை விரும்பியது பிழை என்று படம் எங்கும் சொல்லவில்லை. அவன் பதினொரு வயதிலேயே நின்றுவிட்டான் என்பதும், தான் நின்ற இடத்திலேயே மற்றவனும் நிற்க வேண்டும் என்று எதிர்பார்த்தான் என்பதுமே அவனுடைய துன்பம். அவ்விடத்தில் ஒரு பெண் இருந்திருந்தாலும் துன்பம் இதுவேதான்.

இத்தகைய படத்தை இருள் நகைச்சுவை என்று வகைப்படுத்துவர். சிரிக்கத்தகாத இடத்தில் சிரிப்பை எழுப்பி, சிரித்தவனைச் சிறிது நேரத்திலேயே வெட்கப்படச் செய்வது அதன் இயல்பு. மாணவர்களாகிய உங்களுக்கு இதனை விளக்கத் தொல்காப்பியம் எனக்குத் துணை செய்கிறது. மெய்ப்பாட்டியலில் நகை தோன்றும் களங்களாக நான்கைத் தொல்காப்பியர் குறிக்கிறார்: எள்ளுதல், இளமைத்தன்மை, பேதைமை, மடமை. பக்கிடம் பின்னைய மூன்றும் நிறைந்திருக்கின்றன. வளர்ந்த மனிதன் குழந்தைபோல் பேசுகிறான். வெளிப்படையாக மறுக்கப்பட்டும் அதை அறியாதவனாக இருக்கிறான். ஒப்புக்குச் சொன்னதை உள்ளன்பு என்று கொள்கிறான். நாம் நகைக்கிறோம். ஆயின், நகைக்கும் நம்மிடம்தான் முதலாவதாகிய எள்ளல் வந்து சேர்ந்துவிடுகிறது! அதை உணரும்போது நகை அடங்கி அழுகையோ அச்சமோ தலைகாட்டுகிறது. பக் சார்லியின் அலுவலகத்துக்கு வெளியே நாள்தோறும் காத்து நிற்கிறான். தொலைபேசியில் ஓயாது அழைக்கிறான். வீட்டைச் சுற்றி வருகிறான். இவற்றை ஓர் எண்ணெய் வழியும் முரடன் செய்தால் அது திகிற்படம். சிறுபிள்ளைத்தனமான புன்னகையோடு ஒருவன் செய்வதால் நகைச்சுவை. செயல் ஒன்றுதான், செய்பவனின் முகமே வேறு. படம் முழுவதும் குழந்தைப் பாட்டுப் போன்ற ஒரு துள்ளலிசைப் பாடல் திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. முதல் முறை கேட்கும்போது இனிக்கிறது. நாலாவது முறை கேட்கும்போது உடல் சிலிர்க்கிறது.

சார்லியின் அலுவலகத்துக்கு எதிரே ஒரு சிறிய நாடக அரங்கு இருக்கிறது. சிறுவர் நாடகங்கள் நடைபெறும் இடம். அதைக் கண்டதும் பக்குக்கு ஓர் எண்ணம் பிறக்கிறது. தானே ஒரு நாடகம் எழுதி அங்கு அரங்கேற்றி, அதைக் காணச் சார்லியை அழைப்பது என்று முடிவு செய்கிறான். 'ஹேங்க் அண்டு ஃப்ராங்க்' என்பது நாடகத்தின் பெயர். பிரியாத் தோழர் இருவர். அவர்கள் நட்பைக் கெடுக்க வரும் தீயவள் ஒருத்தி. தோழர்கள் யார், தீயவள் யார் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. அரங்கின் மேற்பார்வையாளராகிய பெவர்லி என்னும் அம்மையாரை, மணிக்கு 25 டாலர் கூலி பேசி, இயக்குநராக அமர்த்திக்கொள்கிறான்.

நாடகத்துக்குள் நாடகம் என்றதும் ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' உங்கள் நினைவுக்கு வரும். மன்னன் செய்த கொலையை மேடையில் நடித்துக் காட்டி அவன் முகம் மாறுகிறதா என்று பார்க்கிறான் ஹாம்லெட். எனக்கு அதனினும் நெருங்கியதாகத் தோன்றுவது நம் பழைய மடலேறும் வழக்கம். காதலியின் உருவை எழுதிக் கையில் ஏந்தி, பனங்கருக்கால் செய்த குதிரைமேல் ஊர்த்தெருவில் ஏறி வருவேன் என்று தலைவன் கூறுவது மடல். அதன் நோக்கம் என்ன? தன் காதலை அவளிடம் சொல்வது அன்று. அது முன்னமே சொல்லப்பட்டுவிட்டது. ஊரார் அறியச் செய்து, அவள் மறுக்க முடியாத நிலையை உண்டாக்குவதே நோக்கம். மடலேறுவேன் என்று கூறுவதோடு நிற்கும்வரை நம் இலக்கணத்தார் அதைப் பொறுத்துக்கொண்டனர். உண்மையிலேயே ஏறிவிட்டாலோ, பொருந்தாக் காமமாகிய பெருந்திணையில் சேர்த்துவிட்டனர். மிரட்டலுக்கும் செயலுக்கும் இடையே அவர்கள் இட்ட கோடு கூர்மையானது. பக் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டவன். அவனுடைய பனங்குதிரை ஒரு மேடை நாடகம். கார்லினோடு வந்து அரங்கில் அமர்ந்திருக்கும் சார்லி, தன் மறைந்த குழந்தைப் பருவம் பலர் முன்னிலையில் ஆடக் காண்கிறான். அவன் முகம் இறுகுகிறது. நாம் சிரிக்கவும் முடியாமல் பார்க்கவும் முடியாமல் இருக்கையில் நெளிகிறோம்.

நாடகத்தில் நடிக்கப் பக் தெரிந்தெடுக்கும் சாம் என்பவனைப் பற்றி ஒரு சொல். அவனுக்கு நடிப்பு சற்றும் வராது. பெவர்லி வேண்டாம் என்கிறாள். பக் கேட்கவில்லை, காரணம், சாம் பார்ப்பதற்குச் சார்லியைப் போலவே இருக்கிறான். இருக்கமாட்டானா? சார்லியாக நடித்தவர் கிறிஸ் வைட்ஸ். சாமாக நடித்தவர் அவருடைய உடன்பிறந்தவராகிய பால் வைட்ஸ். இருவரும் தொழில்முறை நடிகர்கள் அல்லர். முந்தைய ஆண்டில் 'அமெரிக்கன் பை' என்னும் படத்தை உருவாக்கிப் பெரும் வெற்றி கண்டவர்கள். கிடைக்காத ஒருவனுக்கு ஈடாக அவன் சாயலைக் கொண்ட ஒருவனைப் பிடித்துக்கொள்ளும் பேதைமையை, உண்மைச் சகோதரர்களைக் கொண்டே காட்டியது நல்ல உத்தி.

படத்தில் என் உள்ளத்தை மிகவும் கவர்ந்தவர் பெவர்லி அம்மையாராக நடித்த லூப்பே ஒண்டிவெரோஸ். மெக்சிகோ மரபில் வந்த இந்த நடிகையார் 2012-இல் காலமானார். தம் வாழ்நாளில் நூற்றைம்பது முறைக்குமேல் வீட்டு வேலைக்காரியாகவே நடித்திருப்பதாக அவரே கூறியதுண்டு. அத்தகையவருக்கு இந்தப் படத்தில் ஒரு நாடக இயக்குநரின் வேடம் கிடைத்தது. அவர் அதை விட்டாரா? பக்கின் நாடகப் பிரதியைப் படித்ததுமே அதன் உட்பொருளைக் கண்டுகொள்கிறார். மழுப்பாமல் அவனிடமே சொல்லிவிடுகிறார். ஆயினும் அவனை ஏளனம் செய்வதில்லை, விரட்டுவதும் இல்லை. கூலி வாங்கிக்கொண்டு செய்யும் வேலையைச் செம்மையாகச் செய்கிறார். பக்கை ஒரு முழு மனிதனாக நடத்தும் ஒரே ஆள் அவர்தான். சார்லி அஞ்சுகிறான், கார்லின் இரங்குகிறாள், பெவர்லி வாதாடுகிறார். வாதாடுவது ஒருவரைச் சமமாக மதிப்பதன் அடையாளம் அன்றோ? அவ்வாண்டின் சிறந்த துணை நடிகைக்கான பரிசை அமெரிக்கத் தேசியத் திரைப்பட மதிப்பீட்டு வாரியம் அவருக்கு வழங்கியது.

படம் எடுக்கப்பட்ட முறையையும் கூற வேண்டும். அக்காலத்தில் திரையரங்குப் படங்கள் பெரும்பாலும் 35 மில்லிமீட்டர் படச்சுருளில் எடுக்கப்பட்டன. சுருளும் விளக்குகளும் ஆட்களும் சேர்ந்து பெருஞ்செலவை உண்டாக்கும். இதுவோ, வீட்டு விழாக்களைப் பதிவு செய்வதற்கெனக் கடைகளில் விற்ற சிறிய டிஜிட்டல் வீடியோ வகையில் எடுக்கப்பட்டு, பின்னர்ச் சுருளுக்கு மாற்றப்பட்டது. டென்மார்க்கில் 1998-இல் வெளிவந்த 'ஃபெஸ்டன்' என்ற படம் இவ்வழியைத் திறந்துவைத்திருந்தது. செலவு குறைந்ததால் எவர் தயவையும் நாடாமல் துணிவான கதையைச் சொல்ல முடிந்தது. ஐந்து லட்சம் டாலருக்கும் குறைந்த செலவில் ஆக்கப்பட்ட படங்களுக்கென அக்காலத்தில் வழங்கப்பட்ட ஜான் கசவெட்டிஸ் பரிசையும் இது பெற்றது. அது மட்டுமன்று. தெளிவு குன்றிய, நிறம் வெளிறிய அந்தப் படக்காட்சி, யாரோ ஒருவர் வீட்டில் பழைய பிறந்தநாள் விழாப் பதிவைப் பார்ப்பதுபோன்ற உணர்வைத் தருகிறது. குழந்தைப் பருவத்தை விட்டு வெளிவராதவனின் கதைக்கு இதைவிடப் பொருந்தும் கருவி கிடைத்திராது. வறுமை சில வேளைகளில் கலைக்கு வாய்ப்பாகவும் அமைந்துவிடுகிறது.

இனி, கதையின் உயிர்நிலைக்கு வருவோம். பக் சார்லியிடம் கேட்பது யாது? மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் ஒன்றே ஒன்றுதான்: பழைய உறவு திரும்பி வரவேண்டும். கூர்ந்து நோக்கினால் அதனுள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று, 'அன்றுபோல் இன்றும் என்னோடு இரு' என்பது. மற்றொன்று, 'அன்று அது நடந்தது என்று ஒப்புக்கொள்' என்பது. முன்னதைக் கேட்க அவனுக்கு எவ்வித உரிமையும் இல்லை. பின்னதைக் கேட்க உரிமை உண்டு என்றே நான் எண்ணுகிறேன்.

திருக்குறளில் நட்பைப் பற்றிய அதிகாரங்களுள் பழைமை என்று ஒன்று உள்ளது. பழகிய நண்பர் உரிமையால் கேளாமலே ஒன்றைச் செய்துவிட்டால் அதை வெறுக்காமல் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது அதன் கருத்து. பக் அந்த அதிகாரத்தைப் படித்திருந்தால் மகிழ்ந்து கூத்தாடியிருப்பான்! ஆனால், அது பொறுத்துக்கொள்ளும் பக்கத்தில் இருப்பவனுக்குச் சொல்லப்பட்டது; உரிமை கொண்டாடுகிறவன் கையில் எடுத்து வீசும் பத்திரம் அன்று. ஒருவன் மனமுவந்து கொடுக்கும்போது பெருந்தன்மையாக இருப்பது, மற்றவன் அதட்டிக் கேட்கும்போது வரியாக மாறிவிடுகிறது. பக் தோழமையை வரியாகத் தண்டப் புறப்பட்டவன்.

சார்லியின் பக்கமோ வேறு வகையில் குறையுடையது. பெயரை மாற்றிக்கொண்டான், ஊரை மாற்றிக்கொண்டான், தன்னோடு வாழப்போகும் பெண்ணிடம்கூட அந்தப் பருவத்தைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. பக்கைக் காணும்போது அவன் அடையும் சினத்தில், தொல்லையால் வந்தது பாதி. அச்சத்தால் வந்தது பாதி. இருவர் சேர்ந்து வாழ்ந்த காலத்துக்கு அவ்விருவரே சான்று. ஒரு சான்றாளன் 'அப்படி ஒன்றும் நடக்கவில்லை' என்று சாதித்துவிட்டால் மற்றவன் பித்தனாகிவிடுகிறான். பக்கின் பித்துக்கு அவன் தனிமையும் தாயின் மறைவும் காரணம் என்பது உண்மை. சார்லியின் மௌனமும் அதற்கு எண்ணெய் வார்க்கிறது.

முடிவில் ஓர் உடன்பாடு ஏற்படுகிறது. ஓர் இரவு தன்னோடு கழித்தால் இனி என்றென்றும் தொல்லை தருவதில்லை என்கிறான் பக். சார்லி இசைகிறான். அந்த இரவில் பழையவை தனக்கும் நினைவிருக்கின்றன என்பதை அவன் ஒப்புக்கொள்கிறான். அதற்குப் பின் பக் தன் சொல்லைக் காப்பாற்றுகிறான்.

இவ்விடத்தில் படத்தோடு எனக்குப் பிணக்கு உண்டு. ஒப்புதல் என்பதைச் சொல்லால் தந்திருக்கலாம். அதற்கு உடலை விலையாகக் கேட்பதும் கொடுப்பதும் நேர்மையான வாணிகம் அல்ல. நெருக்கித் தொல்லை கொடுத்தவனுக்கு இறுதியில் பரிசு கிடைத்ததுபோல் ஒரு தோற்றம் ஏற்படுகிறது. மேலும், வாழ்க்கையில் இப்படி ஒரே இரவில் தணிந்துவிடும் மோகங்கள் அரியவை. விட்டுக்கொடுக்க விட்டுக்கொடுக்கப் பின்தொடர்பவனின் நம்பிக்கை வளர்வதே வழக்கம். கதை நடக்கும் அதே லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில்தான் 1989-இல் ரெபெக்கா ஷேஃபர் என்ற இளம் நடிகை, தம்மை நெடுநாள் பின்தொடர்ந்த ஒருவனால் தம் வீட்டு வாயிலிலேயே சுடப்பட்டு இறந்தார். அதையடுத்து 1990-இல், பின்தொடர்ந்து அச்சுறுத்துவதைத் தனிக் குற்றமாக்கும் சட்டத்தைக் கலிபோர்னியா மாநிலம் இயற்றியது. அமெரிக்காவில் இவ்வகையில் அதுவே முதற் சட்டம். அந்த நினைவு மாறாத நகரில், பத்தே ஆண்டுகளில், பின்தொடர்பவன் ஒருவனைக் கதைத்தலைவனாக்கிச் சிரிக்கவும் இரங்கவும் வைத்தார்கள் என்றால் அந்தத் துணிவை என்னவென்பது! மைக் ஒயிட் அந்தப் பாத்திரத்தைப் பிறரிடம் கொடுக்காமல் தாமே ஏற்றது நன்று. வேறொருவர் நடித்திருந்தால் அது கேலிச் சித்திரமாகவோ கொடியவனின் உருவமாகவோ முடிந்திருக்கும். வெளிறிய கண்களும் ஒடுங்கிய தோள்களுமாக அவர் வந்து நிற்கும்போது, 'இவனை வீட்டுக்குள் விடாதே' என்று நம் அறிவு சொல்கிறது. 'வாசலில் நிற்கிறானே' என்று உள்ளம் தவிக்கிறது. மைக் ஒயிட் பின்னர், 2021 முதல், 'தி ஒயிட் லோட்டஸ்' என்னும் தொலைக்காட்சித் தொடரால் உலகப் புகழ் பெற்றார். நகைக்கும்போதே நம்மை நெளியவைக்கும் கலை அவருக்கு இந்தச் சிறு படத்திலேயே கைவந்திருந்தது.

என் பிணக்கையும் மீறி ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 'ஆம், எனக்கும் நினைவிருக்கிறது' என்ற ஒப்புதல் கிடைத்த பிறகே பக் வளரத் தொடங்குகிறான். அதுவரை அவன் தனியாகச் சுமந்த பருவத்தை இப்போது இருவர் சுமக்கின்றனர். ஆதலால் அதை இறக்கிவைக்கவும் முடிகிறது. கடைசியில் சார்லிக்கும் கார்லினுக்கும் திருமணம் நடக்கிறது. அங்கே விருந்தினர் கூட்டத்தில் விருந்தினர்களுள் ஒருவனாகப் பக் அமர்ந்திருக்கிறான்.